பளபளவென்று தேய்த்த சட்டி

பருப்புத் தோல் என்றுதான் முதலில் நினைத்தாள். வெள்ளைச் சோற்றின் நடுவில், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு கருப்புத் துணுக்கு. விரல் நுனியால் ஒதுக்கித் தட்டின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. ஒரு பக்கம் கருப்பு, திருப்பினால் சாம்பல் நிறம், சுவரிலிருந்து உரிந்த பெயிண்ட் மாதிரி லேசாக வளைந்திருந்தது. தோலுமில்லை, பூச்சியுமில்லை. அது என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னம்மா, கல்லா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மாமியார்.

"இல்லத்தை. ஒண்ணுமில்ல."

"அரிசிய நல்லாத்தான் பாத்துப் போட்டேன். கல்லுன்னா சொல்லு, வேற தட்டுல போட்டுத் தரேன்."

"கல்லெல்லாம் இல்லத்தை. சாப்பிடறேன்."

துணுக்கைக் கீரைத் தண்டுக்குக் கீழே தள்ளி மறைத்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள். வேறு வழியில்லை. மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஒரு பையில் நாலு புடவையை அடைத்துக்கொண்டு பஸ் ஏறியவள் மாமியார். மருமகள் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் எடுத்து வந்த மாதிரி, காலையிலும் ராத்திரியிலும் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, கவளம் கவளமாகப் பார்ப்பாள். தட்டு காலியானால்தான் அந்தக் கை கன்னத்தை விட்டு இறங்கும். "நாலாம் மாசத்துல பசிக்கணும்மா, பசிச்சாத்தான் புள்ள நல்லாருக்குன்னு அர்த்தம்" என்று தினமும் சொல்வாள். இப்போது அவள் கண்ணெதிரே, நாக்கால் ஒவ்வொரு பருக்கையையும் துழாவித் துழாவி விழுங்கினாள் மருமகள். ஏதாவது தட்டுப்பட்டால் என்ன செய்வது, அவள் முகத்துக்கு நேரே துப்பவா முடியும்? தட்டு காலியாவதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "காரம் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மாமியார் தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில், அந்தத் துணுக்கை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அந்தச் சோறு வெந்த ரைஸ் குக்கர் சட்டிக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இதில் ஒன்றும் விளங்காது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணாடியை ஃபிரேமின் அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, திருகு முடுக்கிக் கொடுக்கும் வேலை. கணவன்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், "கண்ணாடி, காபி இருக்கா?" என்பான். போன வருஷம் மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்தபோது, அதற்கப்புறம் போடவேண்டிய கண்ணாடியை அவள்தான் தன் கையால் செய்து மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டதும் மாமியார் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, "உன் கன்னத்துல இத்தனை மரு இருக்காடி!" என்றாள். அதோடு விட்டாளா? மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, சுவிட்ச் போர்டு என்று இத்தனை வருஷம் மங்கலாக இருந்த அழுக்கெல்லாம் அவளுக்கு ஒரே நாளில் தெரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் ரைஸ் குக்கரைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறாள். சட்டி முழுக்கக் கருப்பு. காலமெல்லாம் அடுப்பில் வைத்துச் சமைத்தவள் அவள். அவள் அகராதியில் பாத்திரத்துக்குள் கருப்பு என்றால் ஒரே அர்த்தம்தான், தீய்ந்து போனதைத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள். பாவம், வேலைக்குப் போகிற பெண், நேரம் எங்கே என்று இரக்கப்பட்டுக் கம்பி நாரை எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் மருமகள் வந்ததும் சட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டினாள். அடிப்பாகம் முழுக்க வெள்ளி மாதிரி மின்னியது. பக்கவாட்டில் மட்டும் வரைபடத்தில் தீவுகள் இருப்பதுபோல் அங்கங்கே கருப்பு. "கை விட்டுப் போச்சும்மா. அடி குடுத்துடுச்சு, ஓரம்தான் பிடிவாதம் பிடிக்குது. ஊற வெச்சா நாளைக்கு அதுவும் வந்துடும். பாரு, உன் மூஞ்சி தெரியுது!" என்றாள். சோறு ஒட்டாமலிருக்கப் பூசியிருந்த கருப்புக் கோட்டிங்கையல்லவா அழுக்கென்று தேய்த்து எடுத்திருக்கிறாள்! மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் மனசு நோகுமே என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். மறுநாள் கடையில் சொன்னபோது முதலாளி உட்பட எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புதுக் குக்கர் வாங்க வேண்டும் என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சோறு கொஞ்சம் ஒட்டியது, அவ்வளவுதானே. ஒட்டியதைச் சுரண்டினார்கள், தேய்த்தார்கள், மறுபடி அதிலேயே வடித்தார்கள்.

மாமியார் ஊருக்குப் போன பிற்பாடுதான் முதல் தடவை உண்டானாள். மூன்றாம் மாசம் தங்கவில்லை. "சில சமயம் இப்படி ஆகும்மா" என்றார்கள். அழுதாள், படுத்தாள், எழுந்து வேலைக்குப் போனாள். யாரும் சட்டியை நினைக்கவில்லை. இன்றைக்கு, தலைப்பில் முடிந்த அந்தத் துணுக்கு இடுப்பில் உறுத்திக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அந்த மூன்று மாசமும் இந்தச் சட்டிச் சோறுதானே தின்றோம்!

மறுநாள் கடைக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. செல்போனில் தேடினாள். ஒருவர் ஒன்றும் செய்யாது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் விஷம் என்றார். ஒரு ஆள் வாணலியை ஆட்டி ஆட்டிக் காட்டி, "இதை இன்றைக்கே தூக்கி எறியுங்கள்!" என்று கத்திக்கொண்டிருந்தான். கீழே ஒரு பெண், "கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு யாருமே பதில் போடவில்லை. அந்தப் பதில் இல்லாத கேள்வியைத்தான் இவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் கீறல் விழுந்த கண்ணாடியை நீட்டினார். வாய் வழக்கம்போலப் பாட்டுப் பாட ஆரம்பித்தது. "சட்டைத் துணில துடைக்காதீங்க சார். மேல கோட்டிங் இருக்கு, தேய்ச்சீங்கன்னா உரிஞ்சு..." அவ்வளவுதான், மேலே சொல்ல வரவில்லை. கோட்டிங் கோட்டிங் என்று நாள் முழுக்க ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், தன் வீட்டுச் சட்டியில் அது உரிந்து வந்தபோது குளியலறையில் போய்ச் சிரித்தாளே, அதை நினைத்தால் தன்னையே ரெண்டு அறை அறையலாம் போலிருந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் ஆட்களோடு லிஃப்ட் நின்றுவிட்டால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் வெளியிலிருந்து நிதானமாகப் பேசிப் பேசியே பழகியவன். வீட்டிலும் அதே குரல்தான். மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து அவனிடம் சொன்னாள்.

"என்னங்க, குக்கர் சட்டி உரியுது. சோத்துல வருது."

"உரிஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம். இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"போன தடவையும் இதுலதாங்க சாப்பிட்டோம்."

சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. லிஃப்டில் மாட்டியவர்களுக்குச் சொல்ல அவனிடம் ஆயிரம் வார்த்தை உண்டு. இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கழற்றிய சாக்ஸைச் சுருட்டி வைத்துவிட்டு, "டாக்டரம்மாவக் கேட்டுடு. நாமளே எதையாவது நினைச்சுக்க வேணாம்" என்றான்.

"கேக்கறேன். ஆனா அத்தைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவாங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

அத்தை நொறுங்கிப் போவாள் என்றது பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. பேச ஆரம்பித்தால் தன் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. குளியலறையிலிருந்து மாமியார் ஈரத்தலையோடு வந்து, "ஏன் ரெண்டு பேரும் இருட்டுல நிக்கிறீங்க?" என்று விளக்கைப் போட்டபோது, அந்தக் கைகளைப் பார்த்தாள். நரம்பு புடைத்த, வலுவான கைகள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கைகள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது.

கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் துணுக்கைப் பொதிந்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்டரம்மா அதை மேஜை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு, "இத எதுக்கும்மா பொட்டலம் கட்டிக் கொண்டு வந்தே?" என்று சிரித்தார். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இதோ பாரு. இந்தத் துணுக்கு உள்ள போனாலும் ஒடம்புல ஒட்டாது, போன மாதிரியே வெளிய வந்துடும். காலிச் சட்டிய அடுப்புல வெச்சுக் கருக விட்டாத்தான் அந்தப் புகை கெடுதல். சோறு வடிக்கறதுல அவ்வளவு சூடே வராது. மனசு ஒப்பலையா, வேற பாத்திரம் மாத்திக்கோ."

"போன தடவ..."

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதே. ஆரம்ப மாசத்துல போறது பெரும்பாலும் கரு சரியா உருவாகாததால போறது. நீ தின்னதும் காரணமில்ல, ஓடியாடி வேலை பாத்ததும் காரணமில்ல."

அவள் தலையாட்டினாள். பெரிய பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது, வாசல் வரைக்கும். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, 'பெரும்பாலும்' என்று சொன்னாரே, அப்படியானால் மிச்சம்? என்று ஒரு நினைப்பு காலைச் சுற்றிக்கொண்டது. பாரம் மறுபடி ஏறி உட்கார்ந்தது.

குக்கரை மாற்றுவதென்றால் மாமியாருக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. கணவன் அதை லாகவமாகச் செய்தான். "வயர் சூடாகுதும்மா. என்னைக்காவது ஷாக் அடிச்சுடும்" என்றான். கரண்ட் வேலை தெரிந்தவன் சொன்னால் யார் மறுக்க முடியும்? மாமியார் மறுக்கவில்லை, ஆனால் மனசே இல்லை அவளுக்கு. "சட்டி நல்லாத்தானே இருக்கு. எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேய்ச்சேன். சட்டிய மட்டுமாவது வெச்சுக்கலாமே?" என்று அதைத் தடவிக்கொண்டே சொன்னாள். அப்புறம், "நானும் கடைக்கு வரேன். உங்களுக்குப் பாத்திரம் பாக்கத் தெரியாது" என்று கிளம்பிவிட்டாள். அவளை விட்டுவிட்டுப் போக ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

கடையில் ஒரு பக்கம் முழுக்க ரைஸ் குக்கர்கள், மூடிகளைத் திறந்து வரிசையாக வைத்திருந்தார்கள். நடுத்தர வயசு விற்பனையாளர் ஓடி வந்தார். இவள் கண்ணுக்கு முதலில் பட்டது அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடிதான். வெளிச்சத்தில் அதன் கோட்டிங் சிலந்திவலை மாதிரி வெடித்திருப்பது தெரிந்தது. அந்த மனுஷர் மூச்சு விடாமல் பேசினார். "இது கல்லு மாதிரி ஃபினிஷ், இது செராமிக், இது அஞ்சு லேயர், இதுல கேக்கே செய்யலாம்மா!"

"கோட்டிங் இல்லாதது இருக்கா?"

"கோட்டிங் இல்லாமயா?" அவர் தன்னை அவமானப்படுத்திவிட்ட மாதிரி பார்த்தார். "சோறு ஒட்டுமேம்மா."

"ஒட்டட்டும். பரவால்ல."

"எவர்சில்வர் சட்டி வெச்சது ஒண்ணு உள்ள கெடக்கு. யாரும் கேக்கறதில்ல. எடுத்துட்டு வரேன்" என்று போனார். கணவன் விலைச்சீட்டுகளைப் பார்ப்பதுபோல் நின்றான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமியார் மட்டும் வரிசையின் முதல் குக்கருக்கு முன்னால் குனிந்து உள்ளே பார்த்தாள். அடுத்ததற்கு நகர்ந்தாள். அதற்கடுத்தது. மருமகள் செய்துகொடுத்த கண்ணாடி வழியாக ஒவ்வொரு சட்டியையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே வரிசையின் கடைசி வரைக்கும் போனாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"ஏன்டா, எல்லாமே கருப்பா இருக்கே? புதுசுலயேவா?"

"அது... அப்படித்தாம்மா கலர்" என்றான் கணவன்.

அதற்குள் விற்பனையாளர் தூசி படிந்த பெட்டியோடு வந்துவிட்டார். கேள்வி காதில் விழுந்திருக்கிறது. பதில் சொல்லாவிட்டால் தூக்கம் வராத ஜாதி. "கலர் இல்லம்மா, அதான் நான்ஸ்டிக். அதுக்குத்தான் விலையே!"

"அழுக்கு இல்லையா அது?"

"அழுக்கா?" அவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். "நீங்க ஒண்ணும்மா! அந்தக் கருப்புல கரண்டி படாமப் பாத்துக்கணும். கம்பி நார் போட்டுத் தேய்ச்சீங்கன்னா அவ்வளவுதான், உரிஞ்சு சோத்துல கலந்து நேரா வயித்துக்குள்ள போயிடும். அதுவும் புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல ரொம்ப ஜாக்கிரதையா..." என்று இவள் வயிற்றுப் பக்கம் பார்வையை ஓட்டினார். கணவன் இருமினான். இருமி என்ன பிரயோஜனம்?

மாமியார் கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். புடவைத் துணியில் துடைக்காதீங்கத்தை, கோட்டிங் போயிடும் என்று தினமும் பத்துத் தடவை சொல்கிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய குக்கரை ஒரு பையில் போட்டுக் கட்டினாள் மாமியார். "பழைய சாமான்காரன் வந்தா நான் போட்டுக்கறேன்" என்றாள். புதுச் சட்டியில் முதல் நாளே சோறு அடிப்பிடித்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, விரல் நுனியால், குழந்தை முதுகைத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். "அத்தை, இது எவர்சில்வர். எப்படி வேணாத் தேய்க்கலாம்" என்று கம்பி நாரை எடுத்துக் கொடுத்தால் பாம்பைப் பார்த்த மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் கம்பி நார் குப்பைக் கூடையில் கிடந்தது.

அதைவிடக் கஷ்டம் சாப்பாட்டு நேரம். மாமியார் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாள். எதிரே உட்காருவதில்லை, கன்னத்தில் கை வைப்பதில்லை, 'இன்னும் கொஞ்சம்' என்பதில்லை. அப்பாடா, நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. எதிர் நாற்காலி காலியாக இருக்க இருக்கச் சோறு உள்ளே இறங்க மறுத்தது. "நீங்களும் வாங்கத்தை" என்றால், "நான் மத்தியானம் நேரங்கழிச்சுச் சாப்பிட்டேன். பசியில்ல" என்று ஒரே பதில். வயசானவள் ஒரு வேளைச் சோற்றோடு நிற்கிறாளே என்று அது வேறு கவலை. ராத்திரி அவள் இருமினால்கூட இவளுக்குத் திக்கென்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஈரப் படுக்கைவிரிப்பு. மாமியார் அதற்கு அந்தப் பக்கம், முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால்தான் கேட்டாளோ என்னவோ.

"ஏம்மா. போன தடவ... அது நான் தேய்ச்சதுனாலயா?"

மருமகள் கையிலிருந்த க்ளிப் கீழே விழுந்தது. இதே கேள்வியை எத்தனை நாளாகத் தனக்குள்ளே புரட்டிக்கொண்டிருக்கிறாள்! இப்போது அது இன்னொரு வாயிலிருந்து வந்ததும், க்ளிப்பை எடுக்கக்கூடக் குனியாமல் அவசரமாகச் சொன்னாள். "ஐயோ, என்னத்தை நீங்க! டாக்டரம்மாட்ட நானே கேட்டுட்டேன். அது உள்ள போனா ஒண்ணும் பண்ணாதாம். போன மாதிரியே வெளிய வந்துடுமாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லிட்டாங்க." 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை மட்டும் முழுங்கிவிட்டாள். குரலில் எங்கிருந்துதான் அவ்வளவு உறுதி வந்ததோ, தனக்குச் சொல்லிக்கொண்டபோது இதில் கால்வாசிகூட இருந்ததில்லை.

விரிப்புக்குப் பின்னாலிருந்து, "ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்கு மாத்துனே?" என்றாள்.

"...மனசு கேக்கலத்தை."

"ம். எனக்கும்தான் கேக்கல" என்றாள் மாமியார். காலி வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள், கடையில் கண்ணாடி ஓரம் தேய்க்கிற மெஷின் படுத்துவிட்டது. "நீ போய் ரெஸ்ட் எடும்மா" என்று முதலாளி மத்தியானமே அனுப்பிவிட்டார். சாவி போட்டுத் திறந்தவளுக்கு முதலில் வாசனைதான் வந்தது. சுடுசோற்று வாசனை, லேசாக அடிப்பிடித்த நெடியோடு. சமையலறையில் புதுக் குக்கர் இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. பின்னால், துணி துவைக்கிற மெஷின் வைத்திருக்கும் சின்ன இடத்திலிருந்து கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். மெஷினுக்குப் பின்னால் மறைவாக, தரையில், பழைய குக்கர். மெஷின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மாட்டியிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு மாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெறும் சோறு. தொட்டுக்க ஒன்றுமில்லை. கண்ணாடி போட்டிருந்தாள். தட்டுக்கு மேலே குனிந்து, சோற்றைக் கிளறிக் கிளறி எதையோ தேடினாள். அகப்பட்டதும் எடுத்தாள். கருப்புத் துணுக்கு. ஒதுக்கிவைக்கப் போகிறாள் என்று இவள் நினைத்தாள். ஒதுக்கவில்லை. சோற்றோடு சேர்த்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேட ஆரம்பித்தாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

மாமியார் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்று மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி தட்டைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். மறைக்க இடமில்லை. "நீ எப்படிம்மா இந்நேரத்துல... பசிச்சுது, அதான்."

"இதுலயா? சாமான்காரனுக்குப் போடறேன்னீங்களே?"

மாமியார் தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். குக்கரின் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிறகு மெல்லச் சொன்னாள். "கடைலேர்ந்து வந்ததுலேர்ந்து மத்தியானம் இதுலதான் சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. வயித்து வலிகூட வரல. நல்லாத்தான் தூங்கறேன். என்னப் பாரு." கண்ணாடிக்குள்ளே கண் ரெண்டும் நிறைந்து நின்றன. "இந்தக் கெழத்துக்கே ஒண்ணும் ஆகலைன்னா, அப்ப அதுக்கும் இதுனால ஆகலதானே? டாக்டரம்மா சொன்னது நெசந்தானே?"

இத்தனை நாள் மத்தியானம் பசியாறியதாக இவள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா! லேசாக மேடிட்ட வயிற்றோடு மருமகள் மெஷினைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மொட்டைமாடியில் சொல்லியாகிவிட்டது, அது இந்த மனுஷியிடம் ஒட்டவே இல்லை. எப்படி ஒட்டும்? சொன்னவளே புதுக் குக்கரில் அல்லவா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தட்டைப் பார்த்தாள். வெள்ளைச் சோற்றில் இன்னும் ஒரு துணுக்கு மிச்சமிருந்தது. போன தடவை படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் வெள்ளை விரிப்பு நினைவுக்கு வந்தது. டாக்டரம்மாவின் மேஜை விளக்கு நினைவுக்கு வந்தது. கையை நீட்டித் தட்டை இழுத்தாள். அந்தத் துணுக்கோடு சேர்த்து ஒரு கவளத்தை அள்ளி வாயருகே கொண்டுபோனாள்.

மணிக்கட்டை ஒரு கை கப்பென்று பிடித்தது.

"வேணாம்மா."

"ஒண்ணும் ஆகாதுத்தை. டாக்டரம்மா சொல்லிட்டாங்கல்ல?"

"சொல்லட்டும். நீ வேணாம்."

"அப்ப நீங்களும் வேணாம்."

மாமியார் பிடியைத் தளர்த்தவில்லை. அந்தக் கருப்பையெல்லாம் ஒரே மத்தியானத்தில் தேய்த்து எடுத்த கை. அதில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இவளும் கையைக் கீழே இறக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில், வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கவளம் அப்படியே நின்றது. விரல் இடுக்கிலிருந்து ஒரு பருக்கை நழுவித் தட்டில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கருப்புத் துணுக்கு மட்டும் பெருவிரலில் ஒட்டிக்கொண்டு, விழாமல் இருந்தது.